கடைசிச் சுற்றில் கை தூக்கினால்

அன்புள்ள சௌந்திக்கு,

நீ ஷிப்ட் முடிந்து ரூமுக்கு வரும்போது நான் கம்பெனி பஸ்ஸில் ஏறியிருப்பேன். அதனால் இதைக் குக்கருக்கு அடியில் வைக்கிறேன். போனில் உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது. குழம்பைச் சூடு பண்ணிக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்காக ஆயிரத்து ஐநூறு மீட்டர் ஓடுகிறேன். மாநிலப் போட்டியில் நான்கு முறை தங்கம் வாங்கியவன் என்றுதான் கம்பெனி என்னை எடுத்தது. முப்பத்துமூன்று வயதிலும் ஜெயிப்பேன் என்று எல்லோரும் நம்புகிறார்கள்.

செவ்வாய்க்கிழமை லைனில் காருக்கு சீட் மாட்டிக்கொண்டிருந்தபோது கண் இருட்டிவிட்டது. டிராலியைப் பிடித்துக்கொண்டேன். முதலுதவி அறை நர்ஸ் நாடி பார்த்துவிட்டு, "முப்பத்தெட்டுதான் கீதுண்ணா. ஓட்றவங்களுக்கு இப்டித்தான், சாம்பியன் ஹார்ட்டு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். இந்த மாதத்தில் அது மூன்றாவது முறை என்று சொல்லவில்லை.

அதிலிருந்து மணிக்கட்டைப் பிடித்துப் பிடித்துப் பார்க்கிறேன். சில நேரம் அடுத்த துடிப்பு வரத் தாமதிக்கிறது.

சொன்னால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். இனி ஓடாதே என்று அங்கே சொல்லிவிட்டால், அப்புறம் நான் யார் சௌந்தி?

கடைசிச் சுற்றில் உன்னைத் தாண்டும்போது கை தூக்குவேன், நீ கைதட்டுவாய். கல்யாணம் ஆனதிலிருந்து அதுதான் பழக்கம். இந்த முறை உடம்பு நன்றாக இருந்தால் கை தூக்கமாட்டேன்.

தூக்கினால் கைதட்டாதே. மைதானத்து ஓரக் கயிற்றைத் தாண்டி ஓடி வா.

உன் ஓட்டக்காரன்