வலப்பக்க இருக்கை

அன்புள்ள அக்கா,

அம்மாவுக்குத் தெரியாமல் போர்வைக்குள் எழுதுகிறேன். போனில் சொன்னால் அழுதுவிடுவேன்.

இன்று அப்பாவோடு பக்கத்து ஊரான டேட்டனுக்குப் பழைய கார் பார்க்கப் போனேன். கூரை திறக்கும் அந்தக் குட்டிக் கார்தான், இரண்டே இருக்கை. அங்கே இரண்டு கார் நின்றன. சிவப்பு முதல் தலைமுறை. விளக்குகள் தவளைக் கண்போல் மேலெழும். அப்பா பத்து வருடமாக ஆசைப்பட்டது அதைத்தான். வெள்ளை அதற்கு அடுத்த தலைமுறை.

ஆனால் அப்பா கேட்டது ஒன்றே: "வலப்பக்கம், ஓட்டுறவருக்குப் பக்கத்து சீட்டோட ஏர்பேக்கை அணைக்க முடியுமா?"

"சிவப்புல முடியாது. வெள்ளையில சாவியைத் திருப்பினா போதும், கைக்குழந்தை சீட்டே வைக்கலாம்," என்றார் காரை விற்கும் வெர்னா என்ற பெண்மணி. "யாருக்கு, இந்தப் பாப்பாவுக்கா? கால் முட்டுமே!"

அப்பா சிரிக்கவில்லை. காது சிவந்துவிட்டது. வரும் வழியில், "எதுன்னு நீயே சொல்லுடா கண்ணு. காலைல வெர்னாவுக்குச் சொல்லணும். அம்மாகிட்ட இப்ப வேண்டாம்," என்றார்.

எனக்குப் பதினான்கு வயது. ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவுக்குக் குழந்தை பிறக்காது. அப்படியென்றால் அப்பாவுக்கு வேறெங்கோ ஒரு கைக்குழந்தை.

சிவப்பு என்றால், மோதும்போது விரியும் ஏர்பேக் யாரென்றே தெரியாத அந்தக் குழந்தையைக் கொன்றுவிடலாம். வெள்ளை என்றால், நானும் அப்பாவோடு சேர்ந்து மறைத்ததாகாதா?

இது உன் கைக்கு வருவதற்குள் ஏதோ ஒன்றைச் சொல்லியிருப்பேன். எதைச் சொல்லியிருந்தாலும் என்னை வெறுத்துவிடாதே.

உன் தங்கை