கெளுத்திக் கயிறு

மாமா,

இன்று காலை ரிங்லெட் டவுனில் கோழி வாங்கப் போனேன். கடைக்காரச் சீனர் கேட்காமலே ஒரு பை குடலையும் கட்டி என் மோட்டார் சைக்கிளில் மாட்டிவிட்டார். நாம் இருவரும் சேர்ந்து போகும்போது கொடுப்பாரே, அதே பழக்கம். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எஸ்டேட் ஏறி வரும்வரை அந்த வாடை மூக்கிலேயே இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோனால் அக்கா பார்ப்பாள் என்று, லயத்து நாய்களுக்குக் கொட்டிவிட்டேன்.

அக்காவைக் கட்டிக்கொண்டு நீங்கள் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கும் மீன்பிடிக்கிற கிறுக்கு பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏரிக்கரையில் உட்கார்ந்து ராவாயைப் பிரிப்போம். நீளக் கயிறு, அதில் கை நீளத்துக்கொரு தூண்டில் முள். முள்ளுக்கு முள் குடலைக் குத்திக்கொண்டே நீங்கள் மருந்தடிக்கும் கங்காணியின் நடையை நடித்துக் காட்டுவீர்கள். ஒரு முனையைக் கரையோர மரத்தில் கட்டி, டிரம் மிதவையில் போய் மறுமுனையைக் கல்லோடு இறக்குவோம். மறுநாள் வேலை முடிந்து எடுக்கப் போனால், கயிற்றை உள்ளங்கையில் வைத்ததுமே கெளுத்தியா கட்டையா என்று சொல்லிவிடுவீர்கள். "எதிர்த்து இழுக்குது மாப்ள, குழம்புக்கு ஆச்சு லா" என்று உங்களுக்கு அப்படி ஒரு பெருமை.

மருந்தடிக்கப் போடுகிற ரப்பர் பூட்ஸோடே மிதவையில் ஏறுவீர்கள். தண்ணீர் புகுந்தால் ஆளையே இழுத்துவிடும், கழற்றுங்கள் என்றால், "கால் சில்லுனு ஆயிடும், நீ சும்மா வா" என்பீர்கள். சொன்ன பேச்சை ஒருநாளாவது கேட்டிருக்கிறீர்களா? இதை எழுதும்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காய்ச்சல். நீங்கள் தனியே போனீர்கள். நல்ல மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலம் மிதவை மட்டும் கவிழ்ந்து கரையொதுங்கிக் கிடந்தது.

தீயணைப்புப் படையினர் இரண்டு நாள் மூழ்கித் தேடினார்கள். மேட்டு மண்ணெல்லாம் கரைந்து இறங்கி, ஏரி பால் கலந்த தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. உள்ளே தன் கையே தெரியவில்லை என்றார் ஒருவர். அக்கா கரையில் சாக்கை விரித்து உட்கார்ந்தவள், எழுந்திருக்கவே இல்லை. அழவும் இல்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாள்.

"வீட்ல அவரு கயிறு இன்னொண்ணு இருக்குல்ல? கொண்டாந்து போட்டு இழு."

"அதுல முள்ளு இருக்குக்கா."

"கெளுத்தி என்னென்ன திங்கும்னு எனக்குத் தெரியாதா? எத்தனைய அறுத்திருக்கேன். அது அவரு மூஞ்சியத் தொடுறதுக்குள்ள எடுத்துக் குடுடா. நான் பாக்கணும்."

படைத் தலைவர் சற்று யோசித்துவிட்டுப் படகைத் தந்தார். குடல் குத்தாத வெறும் முட்களோடு கயிற்றை ஏரியின் அடித்தரையில் இழுத்துக்கொண்டு போனோம். முதலில் ஒரு வேர் வந்தது. பிறகு சாக்கு, காய்கறித் தோட்டத்துப் பிளாஸ்டிக். அதற்குப் பிறகு கயிறு கனத்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். எதிர்த்து இழுக்கவில்லை. கட்டையும் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. விட்டுவிடலாமா என்று இருந்தது மாமா, அவ்வளவு பயம். விடவில்லை. வேகமாக இழுத்தால் உங்களுக்கு வலிக்கும் என்பதுபோல் மெதுவாக இழுத்தேன்.

முகம் முழுதாக இருந்தது. அக்கா பார்த்தாள். கழுத்துக்குக் கீழே பார்க்க யாரும் விடவில்லை. துணியால் போர்த்தி, தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போய்விட்டார்கள். பூட்ஸ் இரண்டும் காலிலேயே இருந்தன.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போனதும், அடுப்படியில் வைத்து அக்கா கேட்டாள்.

"முள்ளு எங்கடா மாட்டுச்சு?"

என் இடது தோளைத் தொட்டுக் காட்டினேன். கிட்டே வந்தாள். பிள்ளைகள் விழுந்துவிட்டு வந்தால் தேய்த்துவிடுவாளே, அப்படி அந்த இடத்தைத் தேய்த்துவிட்டாள். அப்போதுதான் அழுதாள்.

இப்போதும் கொழுந்து கிள்ளிவிட்டு வருகிறவள், ஏதோ பேசிக்கொண்டே என்னைக் கடந்து போகையில் அதே தோளில் கை வைத்துத் தேய்க்கிறாள். தெரிந்துதான் செய்கிறாளா என்று நான் கேட்டதில்லை. எனக்கு அங்கே காயம் ஏது? ஆனாலும் அவள் கையை எடுக்கும்வரை நான் நகர்வதில்லை, மாமா.