இரண்டாவது எண்ணிக்கை

10 பிப்ரவரி 2019

அன்புள்ள ஆமைக்கு,

பெட்டி பத்திரமாக வந்தது. பத்திரமாகவே திருப்பி அனுப்புகிறேன். அறுபது கலவா மீன்கள், அறுபது வலது செவிக்கற்கள், ஒன்றுகூட உடையவில்லை. விடுதி அறையில் என் பொருள் எதையும் முழுசாகத் திருப்பித் தராதவள், மீன் காதுக்குள் இருந்த கல்லை மட்டும் பஞ்சில் பொதிந்து அனுப்புகிறாய்.

என்ன வேலை என்று அம்மா கேட்டாள். மரத்தை அறுத்தால் வளையம் தெரிவதுபோல மீனின் செவிக்கல்லிலும் தெரியும், ஒரு வளையம் ஒரு வயது என்று சொன்னேன். "மீனுக்குக் காதே கிடையாது, அதுல கல்லு வேறயா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப எனக்கும் அறுத்துப் பாரு, என் வயசு எனக்கே மறந்துபோச்சு" என்றாள்.

ஒரு விஷயம். பெட்டியின் அடியில், பஞ்சுக்குக் கீழே, உன் எண்ணிக்கைத் தாள் கிடந்தது. இடது கல்லை நீ எண்ண வேண்டும், வலது கல்லை நான் எண்ண வேண்டும், ஒருத்தி எண்ணியதை இன்னொருத்தி பார்க்கக் கூடாது என்று சட்டம் போட்டவளே நீதான். தேர்வில் ஒரே ஒரு மீன் படத்தை ஒன்றரை மணி நேரம் வரைந்து ஆமை என்று பேர் வாங்கியவளுக்கு இப்படி ஒரு அவசரமா? நல்லவேளை, தாள் மடித்தபடி இருந்தது. பிரிக்காமல் உறையில் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். இன்னொரு முறை இப்படிச் செய்தால் பிரித்துப் படித்துவிட்டு, படிக்கவில்லை என்று சொல்வேன்.

என் தாளின் நகல் நேராக உங்கள் இயக்குநருக்குப் போய்விட்டது.

உன்
குண்டூசி


6 மார்ச் 2023

அன்புள்ள குண்டூசிக்கு,

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? நம் கடிதம் எப்போதும் பெட்டியோடு வரும். இது பெட்டி இல்லாமல் வருகிறது. தொலைபேசியில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நேற்றுக் காலை கீழ்வீட்டு அக்கா ஒரு கலவா மீனை வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தாள். "முதுகுல ஏதோ சீட்டு குத்தியிருக்கு. உன் வேலையான்னு பாரு. இல்லன்னா சொல்லு, அடுப்புல வச்சிடறேன்" என்றாள்.

என் வேலைதான். வளைகுடாவில் மீன் பிடிக்கக் கூடாது என்று உத்தரவு வந்த அதே மாதம், மருந்து ஊசி போட்டு, எண் சீட்டு குத்தி, முந்நூறு மீன்களைக் கடலில் விட்டோம். அதில் ஒன்று, எல்லைக்கு வெளியே யாருடைய வலையிலோ சிக்கியிருக்கிறது. அந்த மருந்து செவிக்கல்லில் ஒரு கோடாகப் படியும். நீல விளக்கில் மஞ்சளாக ஒளிரும். கோட்டுக்கு வெளியே இருக்கும் வளையங்கள் எல்லாம் மீனை விட்ட பிறகு விழுந்தவை. விட்டு நான்கு வருடம் ஆகிறது. நான்கு வளையம் இருக்க வேண்டும்.

எட்டு இருக்கிறது.

வருடத்துக்கு இரண்டு. ஒன்று நிஜம், இன்னொன்று இரை குறைந்த மாதங்களில் விழும் பொய் வளையம். அன்று அந்த அறுபது மீன்களிலும் நான் இரண்டையும் எண்ணியிருக்கிறேன். இந்த மீன் எட்டு வயதில்தான் முதல் முட்டை போடும், ஒரு தலைமுறை முட்டை போடும்வரை மூடி வையுங்கள் என்று கேட்டேன். எட்டு வருடத்துக்கு என்று மூடினார்கள். நான்கே போதும் என்கிறது இந்தக் கல். அந்த நான்கு வருடம் வருகிற மாதத்தோடு முடிகிறது.

27ஆம் தேதி பாதிக்காலப் பரிசீலனைக் கூட்டம். மீதி நான்கு வருடமும் மூடி வைப்பதா என்று முடிவெடுப்பார்கள். ஒரு மீனை வைத்து நான் எழுந்து பேச முடியாது. ஆனால் அந்த அறுபது வலது கற்களை எண்ணியபோது உனக்குச் சந்தேகமே வரவில்லையா? யோசித்து எழுது.

ஆமை


11 மார்ச் 2023

அன்புள்ள ஆமை,

அம்மாவின் முழங்கால் தேவலை. நாக்குக்கு எப்போதும் ஒன்றும் ஆனதில்லை.

ஒரு மீனுக்காக ஏன் இப்படிப் பதறுகிறாய்? அது நோயில் கிடந்த மீனாக இருக்கலாம். ஊசி போட்ட அதிர்ச்சியில்கூடக் கூடுதலாக வளையம் விழும். நான்கு வருடத்துக்கு முன் எண்ணிய அறுபது கல்லை நான் எப்படி நினைவு வைத்திருப்பேன்?

போன வருடம் நீயே எழுதினாய்: முக்குளித்துப் பார்த்தவர்கள் பாறைக்குப் பாறை கலவா கிடக்கிறது என்றார்கள், கடற்புல் திரும்ப முளைத்துவிட்டது என்று. கடல் தேறிவிட்டது. எண் தப்பாகவே இருக்கட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்? இருபது வருடம் சம்பாதித்த பேரை ஒரு பிற்பகலில் தொலைக்கப் போகிறாயா? 27ஆம் தேதி வாயை மூடிக்கொண்டு உட்கார். பிறகு நிதானமாக இன்னும் பத்து மீன் பிடித்துப் பார்க்கலாம்.

உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

குண்டூசி


14 மார்ச் 2023

குண்டூசி,

எங்கள் இயக்குநரும் இதையேதான் சொன்னார். "தப்பான எண்ணால நல்லதுதான நடந்திருக்கு, விட்டுடுங்க." நீங்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்டீர்களோ என்று நினைத்தேன்.

யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டாய். கீழ்வீட்டு அக்காவின் படகு நான்கு வருடமாகக் கவிழ்த்தபடி கிடக்கிறது. அதன்மேல் துணி காய்கிறது. அவள் வீட்டுக்காரர் வேறு துறைமுகத்தில் கப்பலுக்குப் பெயின்ட் சுரண்டுகிறார். வருடத்துக்கு இரண்டு தடவை வருகிறார். அக்கா மாதம் ஒருமுறையாவது என்னைப் படியில் நிறுத்திக் கேட்பாள்: "அந்த மீனு என்னிக்குத்தான் பெரிய மனுஷியாகும்னு அதுகிட்டயே கேட்டுச் சொல்லேன்." நானும் சிரித்துவிட்டு மேலே போவேன். நான்கு வருடம் சிரித்திருக்கிறேன். நாளைக்கு வேறொரு கடலை உண்மையாகவே மூட வேண்டி வரும். அன்று போய்ச் சொன்னால் எங்களை யார் நம்புவார்கள்?

மூன்று நாளாகப் பழைய தாள்களோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். இந்த வேலையில் ஊறிப்போன இருவர் எண்ணினாலும் நூற்றுக்கு எண்பது பொருந்தினால் பெரிய விஷயம். நமக்கு அறுபதில் ஐம்பத்தேழு பொருந்தியது. வளைகுடாவை மூடுவது பற்றி அன்று நடந்த கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன்: "ரெண்டு பேர், ஒருத்தர் எண்ணினத இன்னொருத்தர் பாக்காம, ஒரே எண்ணுக்கு வந்திருக்கோம்." அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் மூடினார்கள்.

நான் செய்த தப்பு எனக்குப் புரிகிறது. நீ எப்படி அதே தப்பைச் செய்தாய் என்பதுதான் புரியவில்லை. எதையும் குத்திப் பார்க்காமல் நம்பமாட்டாய் என்றுதான் உனக்கு அந்தப் பேரே வைத்தோம். பொய் வளையத்தைப் பற்றித் தேர்வுக்கு முதல் நாள் எனக்குச் சொல்லிக் கொடுத்தவளும் நீதான்.

பஞ்சுக்கு அடியில் கிடந்த தாளைப் பிரித்தாயா? ஆம், இல்லை, இரண்டில் ஒரு சொல் போதும்.

ஆமை


18 மார்ச் 2023

ஆமை,

ஆம்.

ஒரு சொல் போதும் என்றாய். எனக்குப் போதவில்லை.

அறுபதையும் முதலில் நானேதான் எண்ணினேன். பென்சிலால் எழுதியும் முடித்துவிட்டேன். பிறகு பெட்டியை மூடும்போது உன் தாள் கையில் பட்டது. முதல் எண்ணை மட்டும் பார்ப்போம் என்று பிரித்தேன். முதல் கல்லுக்கு நான் ஐந்து போட்டிருந்தேன். நீ பத்து. அடுத்ததற்கு நான் நான்கு, நீ எட்டு. இரட்டை இரட்டையாக வரும் கோடுகளை ஒன்று என்று நான் எண்ணியிருந்தேன், நீ இரண்டு என்று.

அன்றே உன்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நான் நினைத்தது இதுதான்: அவள் தினமும் கடலைப் பார்க்கிறவள், நான் கடலிலிருந்து பத்து மணி நேரம் தள்ளி உட்கார்ந்து பெட்டியில் வருவதைப் பார்க்கிறவள். ஆமை தப்பு செய்யமாட்டாள். அழித்துவிட்டு உன் எண்களை எழுதினேன். மூன்றை மட்டும் பொருந்தாமல் விட்டேன், பார்க்க இயல்பாக இருக்கட்டும் என்று. பிரித்ததைவிட அந்த மூன்றை நினைத்தால்தான் எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

உங்கள் இயக்குநரிடம் இருப்பது நகல். மூலத்தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். நீல விளக்கெல்லாம் வேண்டாம். சாதாரண விளக்கில் சாய்த்துப் பிடித்தாலே அழித்தது தெரியும். நான் அழுத்தி எழுதுகிறவள்.

இது வெளியே வந்தால் என் வேலை இருக்காது. தெரிந்துதான் அனுப்புகிறேன். கூட்டத்துக்கு வரச் சொன்னால் வருகிறேன்.

குண்டூசி


30 மார்ச் 2023

குண்டூசிக்கு,

உன்னை வரச் சொல்லவில்லை. பக்கத்தில் நீ நின்றால் எனக்குக் குரல் எழும்பாது என்று தெரியும்.

உன் தாளைத் திரையில் போட்டேன். சாய்த்து விளக்குப் பிடித்து எடுத்த படம். ஐந்து, நான்கு, ஆறு, நான்கு என்று நீ அழித்த எண்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். எதை எண்ணினேன், எங்கே தப்பினேன், தாள் எப்படி உன் கைக்கு வந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். தாளைப் பெட்டியில் விட்டவள் நான் என்பதையும் சேர்த்து.

பின்வரிசையிலிருந்து ஒரு படகுக்காரர் எழுந்தார். கத்தவில்லை. "அப்ப நாலு வருஷமா எங்கள உக்கார வெச்சது மீன் இல்ல. ரெண்டு பொம்பளைங்களோட சிநேகிதம்" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

நம் இருவரையும் தெரியாத இரண்டு பேர், வெவ்வேறு ஊர்களில், நூற்றிருபது கற்களையும் மறுபடி எண்ணப் போகிறார்கள். ஆறு வாரம். அதன் பிறகு முடிவு. அதுவரை நான் கல்லைத் தொடக் கூடாது. உன் பல்கலைக்கழகத்துக்கும் கடிதம் போகிறது, இந்நேரம் வந்திருக்கும். கீழ்வீட்டு அக்கா படியில் என்னைக் கண்டால் வாளியை ஒதுக்கி வழிவிடுகிறாள். திட்டினால் தேவலை.

தாளைப் பிரித்ததை என்றாவது மறந்துவிடுவேன். நீ சரியாக எண்ணியிருந்தாய். அதை எனக்காக, என்னைக் கேட்காமலே அழித்தாய். அதைத்தான் தாண்ட முடியவில்லை. எனக்குத் தப்பு என்று சொல்ல இந்த உலகத்தில் ஒரே ஒருத்தியைத்தான் வைத்திருந்தேன்.

இந்தப் பெட்டியில் ஒரு வலது கல் இருக்கிறது. அறுபதில் சேர்ந்தது இல்லை. மாணவர்களுக்குக் காட்ட வைத்திருந்த பழைய மீன். அலுவலகத்துக்கு இதனால் எந்தப் பயனும் இல்லை. கல்லைத் தொடக் கூடாது என்று சொல்வதற்கு முதல் நாள், இதன் இடது கல்லை எண்ணி, எண்ணை எழுதி, மேசை இழுப்பறையில் பூட்டிவிட்டேன். இந்தத் தடவை பஞ்சுக்கு அடியில் ஒன்றும் இல்லை.

எண்ணிவிட்டு எழுது. வேறு எதையும் எழுதாதே, அம்மாவின் முழங்காலைப் பற்றிக்கூட.

ஆமை


11 ஏப்ரல் 2023

ஆமைக்கு,

பதினொன்று.

நான்கு நாள் நான்கு முறை எண்ணினேன். வெளி ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு இருக்கிறது. உன் இடது கல்லிலும் இருக்கும். அது பொய் வளையம். உன்னை எனக்குத் தெரியும், ஒன்றையும் விட்டுவிட மனசு வராமல் அதையும் சேர்த்திருப்பாய்.

பன்னிரண்டு என்று எழுதிப் பூட்டியிருந்தால், நீ எண்ணியது தப்பு.

குண்டூசி