ஓட்டாமல் கெட்ட வண்டி

அன்பு மகன் பாரத்துக்கு அப்பா முனியன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம், அம்மாவுக்கு முட்டி வலி மட்டும் விடவில்லை. நீ தோஹாவில் நலமாக இருப்பதாகப் போனில் சொல்கிறாய், நேரில் பார்க்கும் வரைக்கும் நம்பித்தான் ஆகவேண்டும். அதே போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறாள், மேல்மாடிக்காரி ஜன்னலில் நின்று கேட்கிறாள், போனே ஒட்டுக்கேட்கிறது என்றும் சொல்கிறார்கள். நம் நொச்சிக்குப்பத்து டயானா அக்கா மகன் அங்கே திரும்பப் போகிறான், அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். உறையின் வாயை ரெண்டு தடவை ஒட்டி, குறுக்கே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். கையெழுத்து விலகி இருந்தால் அவன் பிரித்துப் படித்திருக்கிறான் என்று தெரிந்துகொள்.

விஷயம் உன் வண்டி. நீ கிளம்பும்போது சாவியை நம் மதுமதி வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள், மாப்பிள்ளை வேளச்சேரியிலிருந்து பெருங்குடிக்கு வேலைக்குப் போய்வர உதவும் என்று சொன்னாய். நான் கொடுக்கவில்லை. உன் தங்கச்சியைக் கட்டிக்கொடுத்து அப்போது நாலு மாதம்தான் ஆகியிருந்தது, பிரசாத் எப்படிப்பட்ட ஆள் என்று எனக்கு என்ன தெரியும். மாடிப்படிக்கு அடியில் தார்ப்பாய் போட்டு மூடி முன்சக்கரத்துக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினேன். அப்படியும் யாராவது எடுத்து ஓட்டிவிட்டால் என்று தினமும் மீட்டரைப் பார்த்துக் கிலோமீட்டரைக் காலண்டர் தாளில் குறித்துவைத்தேன். இன்னாய்யா வண்டிக்கு ஜாதகம் எழுதிக்கினுகீற என்று உன் அம்மா சிரித்தாள். பதினாலு மாதம் அந்த வண்டி நகரவில்லை. மார்கழி மழையில் வேளச்சேரியில் தண்ணீர் ஏறி மாப்பிள்ளையின் வண்டி மூழ்கிப்போனபோது மதுமதி கேட்டாள், அம்மா பிடுங்கி எடுத்தாள், வேறு வழியில்லாமல் மூன்று நாளைக்குக் கொடுத்தேன். திரும்பி வந்த மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்தால் சைலன்ஸரிலிருந்து நீலப்புகை, மாடிப்படியே தெரியவில்லை. எண்ணெய் அளக்கும் குச்சியை எடுத்துப் பார்த்தால் எண்ணெய் அடிமட்டத்தில் இருக்கிறது. உடனே பிரசாத்துக்குப் போன் போட்டு வரவழைத்தேன். மாப்பிள்ளை என்றும் பார்க்காமல், நாலு வீட்டுக்காரர்கள் நிற்க, எண்ணெ இல்லாம ஓட்டி இன்ஜினையே தின்னுட்டு வந்து நிக்கிறியா, என் புள்ள ஊர்ல இல்லைன்ற தைரியமா என்று நீ வா போ என்று பேசிவிட்டேன். நான் ஒண்ணும் பண்ணல மாமா என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போனவர்தான், மூன்று மாதமாக இந்தப் பக்கம் வரவில்லை.

மதுமதிக்கு இப்போது ஒன்பதாம் மாதம், உனக்கே தெரியும். தலைப்பிரசவம், இங்கே வரவேண்டிய பெண். எங்க வூட்டுக்காரரைத் திருடனாட்டம் நிக்கவெச்ச வாசல்ல வந்து நான் புள்ள பெத்துக்க மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாளாம். அம்மா மீன்கூடையை இறக்கி வைத்த கையோடு வந்து அதைச் சொல்லிவிட்டு, அன்றிலிருந்து எனக்குத் தட்டை மட்டும் வைக்கிறாள், பேச்சு இல்லை. எனக்கு அப்போதும் சந்தேகம் அவர்மேல்தான். நான் பேசியது சரிதான் என்று காட்டினால் எல்லார் வாயும் அடங்கும் என்று, அதற்காகவேதான் இன்ஜினை நானே பிரிப்பது என்று முடிவு செய்தேன். ஒர்க் ஷாப்பில் விட்டால் நல்ல பாகத்தைக் கழற்றிக்கொண்டு பழசை மாட்டி அனுப்பிவிடுவார்கள். போட் இன்ஜினை முப்பது வருஷம் கடலிலேயே பிரித்துச் சேர்த்தவனுக்கு இது என்ன பெரிய வேலை. ஆனாலும் நம் தெருமுனை மெக்கானிக் அப்துல் சமத் பாயைக் கூப்பிட்டேன், ஒரு நிபந்தனையோடு. அவர் பெயிண்ட் டப்பாமேல் உட்கார்ந்து வாயால் சொல்லவேண்டும், கையை நான் மட்டும்தான் வைப்பேன். முப்பது வருஷமாக அம்மாவிடம் மீன் வாங்குகிறவர், என் குணம் தெரிந்து சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

காலையில் ஸ்டார்ட் செய்யும்போது புகைந்து, கொஞ்சம் ஓடியதும் புகை நின்றுவிட்டால் பிஸ்டன் ரிங் தேயாமல் நன்றாக இருக்கிறது, போனது வால்வு சீல் என்றார் பாய். மேலே இருக்கும் எண்ணெய் வால்வு தண்டு வழியாகப் பெட்ரோல் எரிகிற இடத்துக்கு இறங்காமல் பிடித்துவைக்கிற சின்ன ரப்பர் தொப்பி அது. புது சீல் ரெண்டு நானே போய் வாங்கினேன், டூப்ளிகேட்டா என்று வெயிலில் பிடித்து, நகத்தால் அழுத்தி, முகர்ந்தும் பார்த்தேன், கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இன்ஜின் தலையான ஹெட்டைக் கழற்றாமலே செய்ய ஒரு வழி இருக்கிறது. பிளக் ஓட்டை வழியாக நம் வலைக்கயிற்றைச் சுருட்டி உள்ளே விட்டு இன்ஜினை மெதுவாகச் சுற்றினால், பிஸ்டன் மேலே வந்து கயிற்றை அழுத்தும், கயிறு வால்வைக் கீழே விழாமல் தாங்கும். விட்டது மூன்று முழம், வேலை முடிந்து வெளியே எடுத்ததும் மூன்று முழம், அளந்துவிட்டேன், பயப்படாதே. வால்வு ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் லாக் மொத்தம் நாலு, ஒவ்வொன்றும் நெத்திலித் தலை அளவுகூட இருக்காது. கழற்றிவைத்து எண்ணினால் மூன்றுதான் இருந்தது. நான் சமத் பாயைப் பார்த்தேன். அவர் பாக்கெட்டைப் பார்த்தேன், அவ்வளவுதான். அவர் எழுந்து ரெண்டு பாக்கெட்டையும் வெளியே இழுத்து உதறிக் காட்டிவிட்டு மறுபடி டப்பாமேல் உட்கார்ந்தார். தேட நான் எழுந்தபோது நாலாவது லாக் என் கைலி மடிப்பிலிருந்து விழுந்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

பழைய சீலை உருவி எடுத்தேன். ரப்பர் என்றே சொல்லமுடியாது, காய்ந்து விறைத்துப்போய் நகம் பட்டதும் உடைந்தது. சமத் பாய் அதை வாங்கி விரலில் உருட்டிப் பார்த்து, இது ஓட்டிக் கெட்ட வண்டி இல்ல நைனா, ஓட்டாமக் கெட்ட வண்டி, வருஷக்கணக்கா பூட்டிவெச்சா எண்ணெ ஏறாம ரப்பர் காஞ்சிபூடும் என்றார். நான் விடவில்லை. மாப்பிள்ளை எவ்வளவு தூரம் அடித்து ஓட்டியிருக்கிறார் பாரும் என்று காலண்டர் தாளைக் கொண்டுவந்து காட்டினேன். பதினாலு மாதமும் ஒரே நம்பர், அதற்கப்புறம் மூன்று நாளில் நாற்பத்தொரு கிலோமீட்டர். பாய் படித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். நாற்பத்தொரு கிலோமீட்டரில் எந்த ரப்பர் இப்படிக் காயும். கிலோமீட்டரைத் தினமும் எழுதினவன், எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று ஒருநாள்கூடப் பார்க்கவில்லை. யாரும் தொடக்கூடாது என்று நான் பூட்டியதுதான் அதைக் கெடுத்தது. புது சீலில் எண்ணெய் தடவி அழுத்தி மாட்டி எல்லாவற்றையும் மூடினேன். மூன்று நாள் காலையும் ஸ்டார்ட் செய்து பார்த்தேன், ஒரு துளி புகை இல்லை. எனக்கு அதில் சந்தோஷமே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டியிலேயே வேளச்சேரிக்குப் போனேன். சத்தம் கேட்டு மாப்பிள்ளை கீழே இறங்கி வந்தார். தப்பு என்னுடையதுதான், வண்டி நின்று நின்றே சீல் காய்ந்துபோயிருந்தது, நீங்கள் ஒன்றும் செய்யவில்லை, என்னை மன்னித்துவிடுங்கள் என்று வாசலில் வைத்தே சொல்லி, சாவியை அவர் கையில் வைத்தேன். இனிமேல் வண்டி உங்களிடம் இருக்கட்டும் என்றேன். நான் முடிக்கும்வரை கேட்டவர் சாவியை என் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு, வண்டி சொல்லிச்சுன்னு வந்துகீறீங்க மாமா, வண்டி வேற மாதிரி சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மதுமதி படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அம்மாவுக்காக வரேன் என்று மட்டும் சொன்னாள்.

நேற்று வந்துவிட்டாள். மாப்பிள்ளை ஆட்டோவில் கொண்டுவந்து, பையைப் படிக்கட்டில் வைத்துவிட்டு, மேலே ஏறாமலே போய்விட்டார். அம்மா எவ்வளவோ கூப்பிட்டாள். குழந்தை பிறந்தாலும் ஆஸ்பத்திரிக்குத்தான் வருவார், இந்த வீட்டுக்கு வரமாட்டார் என்று மதுமதி சொல்கிறாள். நீ அவருக்குப் போன் செய்து எனக்காகச் சமாதானம் பேசாதே. பேசினால் நான்தான் தூண்டிவிட்டேன் என்று நினைப்பார், அவர் இடத்தில் நானாக இருந்தால் அப்படித்தான் நினைப்பேன். இந்த நாலு நாளாக அவர் கேட்டதற்கு நல்லதாக ஒரு பதில் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. உண்மை என்னவென்றால் வந்திருக்க மாட்டேன். ஓட்டித் தேய்ந்த ரிங்தான் போயிருக்கிறது என்று வந்திருந்தால் இன்றைக்கும் அவரைத்தான் திட்டிக்கொண்டிருப்பேன். நாளைக்கு ரயில் ஏறிப் போய் அதை அப்படியே அவரிடம் சொல்லப்போகிறேன், அதற்கப்புறம் அவர் விருப்பம்.

முண்டகக்கண்ணியம்மன் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்க்காதே, குடிக்கிறேன் என்று நீ சொல்வதை நம்புகிறேன். அம்மாவும் மதுமதியும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
முனியன்