பத்து நொடிக்குள் கீழ் அம்பு

மார்ச் 12, மாலை ஐந்தரை

அக்கா, ஒரு சின்னத் தப்பு செய்துவிட்டேன். "என் புது லேப்டாப்புல கை வச்சே, தொலைச்சிடுவேன்" என்று நீ சொன்ன பிறகும், வகுப்புக்காக அதில் விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தை நிறுவினேன். அலமாரியில் எனக்கு நீ விட்டது ஐந்தில் ஒரு தட்டு. நானும் லேப்டாப்பில் ஐந்தில் ஒரு பங்கு இடம்தான் எடுத்தேன்.

தப்பு அதுவல்ல. இப்போது திறந்தால் லினக்ஸ் முந்திக்கொள்கிறது. திரையில் பட்டியல் வந்ததும் பத்து நொடிக்குள் கீழ் அம்பை அழுத்தி, விண்டோஸ் வரை இறங்கி, என்டரைத் தட்டு. ஆறரை மணி நேர்காணலுக்கான உன் கோப்புகள் பத்திரம். மூன்று முறை திறந்து பார்த்தேன். அப்படியும் சந்தேகம் தீராமல் பென் டிரைவில் நகல் வைத்திருக்கிறேன்.

சூப் அடுப்பின் மேல் இருக்கிறது.

பி.கு. நாளைய வேலை: விண்டோஸை முதலிடத்துக்கு ஏற்றுவது. அலமாரியில் எனக்கு இன்னொரு தட்டைக் காலி செய்தால் காலையிலேயே, இல்லாவிட்டால் சாவகாசமாக.