இரண்டு ஊருக்கு நடுவே நின்றுபோன மாத்திரை

ஏட்டி,

அடுப்படியில் கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில் இன்று காலையில் ஒரு மாத்திரை அட்டை கிடந்தது. என் மருமகள் விழுங்கிவிட்டுப் போட்ட வெறும் அட்டை. எடுத்து மோந்து பார்த்தேன். அதே வாடை. தாய்வீட்டிலிருந்து நீ திரும்பி வந்தபோது உன் முந்தானை முடிச்சில் இருந்த வாடை.

ஆமாம், மருமகளுக்கும் காசநோய்தான். கண்டுபிடித்துச் சொன்னதுமே அவளுடைய அம்மா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து நின்றாள். "மேலுக்கு முடியாத பிள்ளை, கொஞ்ச நாளைக்கு எங்க வீட்ல இருக்கட்டும் மதினி" என்றாள். ஊர் வழக்கம் அதுதான். ஆனாலும் நான் வாசலை மறித்து நின்றுவிட்டேன். "மாத்திரை முடியாம இவ இந்த ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது" என்றேன். எல்லாரும் என்னைப் பொல்லாத மாமியார் என்று பார்த்தார்கள். எனக்கு முன்னால் நின்றது நீ என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ராஜபாளையத்து மில்லில் நமக்கு ஒரே ஷிப்டு. நீ இருமினால் மில் டிஸ்பென்சரியில் "பஞ்சுத் தூசி" என்று மருந்துத் தண்ணீர் கொடுத்து அனுப்புவார்கள். சளியில் ரத்தம் பார்த்த பிறகுதான் தாய்வீடு போனாய். ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் நோய் இன்னதென்று கண்டு மாத்திரை தொடங்கினார்கள். மில்லுக்கும் மாமியாருக்கும் நீ சொன்ன சேதி, அம்மாவுக்கு மேலுக்கு முடியவில்லை என்பது. இருமல் அடங்கியதும், வேலை போய்விடும் என்று ஓடிவந்தாய். முந்தானையில் முடிந்து வந்தது தீர்ந்து முடிச்சு காலியானது. மாத்திரையும் நின்றது.

மறுபடி நீ இருமியபோது உன்னை இழுத்துக்கொண்டு போனவள் நான். இந்த ஊர் நர்ஸ், "அங்க ஆரம்பிச்ச மாத்திரையை அங்கதான் வாங்கணும். எங்ககிட்ட உன் பேரே இல்லையே" என்றாள். பஸ் ஏறி அந்த ஊருக்குப் போனோம். அங்கே இருந்தவள், "புருஷன் ஊருக்குப் போனவளுக்கு அங்க குடுப்பாகன்னுல்ல இருந்தோம்" என்றாள். திரும்பி வரும்போது பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு நீ சிரித்தாய். "ரெண்டு வீட்லயும் கல்யாணமாம், நடுவுல நாய் பட்டினி கெடந்துச்சாம். ஏட்டி, அந்த நாய் நாந்தான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அலைந்து கடைசியில் வாங்கியபோது அந்த மாத்திரை உன் உடம்பில் எடுபடவும் இல்லை.

அந்த இரண்டு நர்ஸுகளையும் நான் மறக்கவில்லை. இந்த ஊர்க்காரியின் கிளிப்பச்சைக் குடையைக் கண்டால் தெருவை மாறி நடப்பேன். இன்னொருத்தி என் பேத்தி காதுகுத்துக்கு வந்தபோது இலை போடச் சொன்னேனே தவிர, முகம் கொடுக்கவில்லை. யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

இப்போது வீட்டுக்கு வந்த நர்ஸ் சின்னப் பெண். நான் வாசலை மறித்த கதையைக் கேட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஆச்சி, இப்ப அப்படி இல்ல. ரெண்டு ஊர் டாக்டரும் நர்ஸும் மாசாமாசம் ஒண்ணா உக்காந்து பேசுதோம். மில் டிஸ்பென்சரி ஆளும் வருவாக. ஊர் மாறுற ஆளை அடுத்த ஊர்க்காரங்க கையில ஒப்படைப்போம். வந்து சேந்துட்டாகன்னு அங்கிருந்து பதில் வர்ற வரைக்கும் விட மாட்டோம்."

"பேசி என்ன? மாத்திரை பேசுமா?" என்றேன்.

"நீங்களே கூடப் போய்ப் பாருங்களேன்."

மருமகளைத் தாய்வீட்டில் விடக் கூடவே போனேன். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் மருமகள் வாயைத் திறக்கும் முன்பே அங்கிருந்த நர்ஸ் மாத்திரையை எடுத்து வைத்துவிட்டாள். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வாங்க ஆச்சி. வாசலை மறிச்ச மாமியார் நீங்கதானா? கோவக்காரவுக, பாத்துப் பேசுங்கன்னு ராஜபாளையத்துல இருந்து சொன்னாக."

மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் கோபம்கூட எனக்கு முன்னால் பஸ் ஏறி வந்து சேர்ந்திருக்கிறது. உன் மாத்திரை ஏனடி வந்து சேரவில்லை? அதே ரோடு, அதே பஸ். இவர்கள் பேசிக்கொண்டது இவ்வளவுதான். இதை அவர்களால் அன்றைக்குப் பேசியிருக்க முடியாதா? முடியாமல்தான் இருந்ததா? இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒருத்தியை ஒருத்தி நம்பினாள், அவ்வளவுதான். நம்பியதற்கா இத்தனை காலம் முகம் திருப்பினேன்? நீயும்தான் வாயைத் திறந்து யாரிடமும் சொல்லவில்லை. உன் மேல் கோபப்படலாம் என்றால் நீ இல்லை.

மருமகள் போன வாரம் தெம்பாகத் திரும்பி வந்தாள். இந்த ஊரில் மறுநாளே மாத்திரை கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் அவள் விழுங்கும்போது தண்ணீர்ச் செம்போடு எதிரே நிற்கிறேன். "அத்தை, நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்கிறாள். தொண்டைக்குள் இறங்கிவிட்டதா என்று பார்த்த பிறகுதான் நகர்கிறேன். நேற்று தெருவில் அந்தக் கிளிப்பச்சைக் குடை வந்தது. எதிர்ப்பக்கம் போக ஒரு காலைத் தூக்கிவிட்டு, வைக்க இடம் தெரியாமல் நடுத்தெருவில் நின்றேன்.