தேவாங்கைத் தோளில் வைத்த அண்ணனுக்கு

என் அருமை அண்ணே,

இந்த முதல் வரியைப் படித்ததுமே நீ சிரித்திருப்பாய். "செத்தவனுக்குக் கடுதாசி போடுற அளவுக்கு ஒனக்குப் புத்தி போச்சா சரசு?" என்று கேட்டிருப்பாய். போனதுதான். உன்னோடு காலேஜில் படித்த சவரிமுத்து அண்ணன் போன வாரம் வீட்டுக்கு வந்தார். இப்போது அங்கேயே உயிரியல் பாடம் நடத்துகிறார், தொப்பை விழுந்துவிட்டது. இந்த வருஷ ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார். உன்னைப் பற்றி ஊருக்கு எழுத எனக்கு வரவில்லை. உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, அதை எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது. மற்றவர்கள் காதில் விழுந்தால் விழட்டும்.

முதலில் வீட்டுச் சேதி. ஆத்தாவுக்குக் கண் மங்கிவிட்டது. யார் வாசலில் செருப்பைக் கழற்றினாலும் "தம்பியா?" என்று கேட்கிறது. நான் ட்ரெய்னிங் முடித்து டீச்சர் ஆகிவிட்டேன். போன ஜூனில் வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். அன்னவாசலில் பஸ் மாறிப் போக வேண்டும். அதற்கு மேல் ஊர் பேரை எழுத மாட்டேன். நீ கண்டுபிடித்துவிடுவாய். நீயும் சவரிமுத்து அண்ணனும் இரண்டு வருஷம் சைக்கிள் மிதித்த அதே ஊர்தான், அதே அய்யனார் கோயில் காடுதான்.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். சமஸ்தான ஆட்சி போய் எட்டு ஒன்பது வருஷம் ஆகியிருந்த சமயம் அது. காவல் இருந்த காடுகளில் எல்லாம் கரிமூட்டம் போட ஆரம்பித்திருந்தார்கள். என் அண்ணன் காலேஜில் தேவாங்கைப் பற்றி ஒரு கட்டுரை எழுத ஆரம்பித்து, பிறகு கட்டுரையை மறந்துவிட்டு தேவாங்கின் பின்னாலேயே சுற்றினான். பூனைக்குட்டி அளவுகூட இருக்காது அந்தப் பிராணி. முகம் முழுக்கக் கண். பகலெல்லாம் உசிலை மரத்தில் சுருண்டு தூங்கும், பொழுது சாய்ந்தால் மெல்ல இறங்கிப் பூச்சி தின்னும். பொழுது மசங்கியதும் மெலிசாக ஒரு விசில் கொடுக்கும். போன வருஷம் விசில் கேட்ட மரத்தில் இந்த வருஷம் கேட்கவில்லை என்று அண்ணன் ஒவ்வொரு மரமாக நோட்டில் குறித்து வைத்திருந்தான். இன்னும் கொஞ்ச நாளில் இந்தப் பக்கத்திலேயே இருக்காது என்று சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொல்வான்.

அந்த ஊர்க்காரர்களுக்குத் தேவாங்கு என்றால் பயம். அதன் முகத்தில் விழித்தால் வீட்டில் ஒரு சாவு விழும் என்பார்கள். பார்த்தவர்கள் மூன்று தரம் துப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவார்கள். வேலியோரம் வந்துவிட்டால் கல்லெடுத்து அடிப்பார்கள். அந்தக் கல்லை நிறுத்த வேண்டும் என்பதுதான் உன் ஆசை.

இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது அண்ணே. தேவாங்கு ஏறிய மரத்தில் அவர்கள் அரிவாள் வைக்க மாட்டார்கள். விறகுக்கும் கரிக்கும் சுற்றிலும் மொட்டையடித்தார்களே, அந்தக் காட்டுக்குள் மட்டும் ஏன் போகவில்லை? நாம் அதைக் கேட்கவே இல்லை. எறிந்த கல் நம் கண்ணில் பட்டது. வெட்டாமல் விட்ட மரம் படவில்லை.

ஊர்க் கூட்டத்தில் என்ன பேசலாம் என்று நீ என்னிடம்தான் கேட்டாய். அப்போது நான் பத்தாவது படித்தேன். "பாவம்னு சொன்னா எவனும் கேக்க மாட்டான்ணே. மொதல்ல பயத்தப் போக்கு. ஒண்ணப் புடிச்சு எல்லாருக்கும் முன்னால கையில வச்சுக் காட்டு" என்று சொன்னது நான். சவரிமுத்து அண்ணனுக்கு இது இன்றுவரை தெரியாது. நீயாகச் செய்ததாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நீ யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

நானும் கூட வந்த அந்தச் சாயங்காலம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மேடைகளில் கேட்ட அடுக்குமொழியை எல்லாம் நீ அவிழ்த்துவிட்டாய். மூடநம்பிக்கை, முட்டாள்தனம், இருள், இழிவு என்று ஒரே முழக்கம். யாரும் அசையவில்லை. அப்புறம் சாக்குப் பையிலிருந்து பிடித்து வந்த தேவாங்கை மெல்ல எடுத்துத் தோளில் வைத்தாய். பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பின்னால் போனார்கள். அது உன் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, உன் சட்டையில் மூத்திரம் பெய்தது. "இது செய்யிற கெடுதல் இம்புட்டுத்தாங்க" என்றாய். கூட்டம் சிரித்தது. சிரித்ததோடு பயம் போயிற்று. கடைசியில் கருப்பாயி என்கிற அம்மா கிட்டே வந்து ஒரு விரலால் அதன் முதுகைத் தொட்டுப் பார்த்தார்.

நீ அதோடு விடவில்லை. அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று டார்ச் அடித்துக் காட்டினாய். மரத்தில் இரண்டு கண்ணும் சிவப்பாக மின்னும் என்று சொல்லிக்கொடுத்தாய். வீடு வந்ததும் என் தலையில் குட்டி, "ஒன் யோசனைதான் ஜெயிச்சுச்சு" என்றாய். அன்றைக்கு நாம் இருவரும் எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் அண்ணே.

மறு வருஷம் மழை பொய்த்தது. வெளியூரிலிருந்து ஒரு தாயத்து வியாபாரி சைக்கிளின் பின்னால் கம்பிக்கூட்டைக் கட்டிக்கொண்டு வந்தார். தேவாங்கின் முடியைத் தாயத்தில் அடைத்து விற்பார்களாம், கண்ணை வசிய மைக்கு எடுப்பார்களாம். முந்தைய வருஷமாக இருந்தால் அந்தக் கூட்டைப் பார்த்ததும் ஊரே அவரைத் துரத்தியிருக்கும். இப்போது டார்ச்சை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போனார்கள். நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே அடித்துப் பார்த்தார்கள், நீ எடுத்த மாதிரியே பிடரியைப் பிடித்து எடுத்தார்கள்.

நீ சேதி கேட்டு ஓடினாய், நானும் வந்தேன். கருப்பாயி அம்மாள் சாக்கோடு எதிரில் வந்தார். சாக்குக்குள் அசைந்தது. "விட்ருங்க ஆத்தா, அது அழிஞ்சு போயிரும்" என்று நீ கும்பிட்டாய். அவர் கோபப்படவில்லை, கேலி செய்யவும் இல்லை. "நீங்கதானே தம்பி சொன்னீங்க, அது ஒண்ணுஞ் செய்யாதுன்னு. ஒண்ணுஞ் செய்யாததப் புடிச்சா என்ன? பிள்ளைக பசியில கெடக்குதுக" என்றார். நீ கும்பிட்ட கையை இறக்கிவிட்டுத் திரும்பி நடந்தாய். வழியெல்லாம் நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்துத் திட்டியிருந்தால் தேவலை என்று இன்றுவரை நினைக்கிறேன்.

அந்த ஐப்பசியில் உனக்கு டைபாய்டு வந்தது. இருபத்தொரு நாள் காய்ச்சல். நீ குடித்த ஏதோ ஒரு ஊருணித் தண்ணீர், வேறொன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம் கண்ணைத் திறந்து, "இன்னும் எத்தனை மிச்சம் இருக்கும் சரசு?" என்றாய். உன் நாளைக் கேட்கிறாய் என்று நினைத்து ஆத்தா வெளியே போய் அழுதது. நீ எதைக் கேட்டாய் என்று எனக்குத் தெரியும். நிறைய இருக்குண்ணே என்று பொய் சொன்னேன்.

நீ போன பதினாறாம் நாள் அந்த ஊரிலிருந்து துக்கம் கேட்க வந்தார்கள். கருப்பாயி அம்மாள் என் தலையைத் தடவி, "தோள்ல தூக்கி வச்சாருல்லம்மா. அதுதான் கொண்டு போயிருச்சு" என்றார். நான் எழுந்து நின்று கத்தினேன். காய்ச்சல், கிருமி, தண்ணீர் என்று எல்லாவற்றையும் சொன்னேன். துக்கம் கேட்க வந்தவர்களை இப்படியா பேசுவது என்று ஆத்தா என் வாயைப் பொத்தியது. அதன் பிறகு யார் அப்படிச் சொன்னாலும் நான் விட்டதில்லை. பஸ்ஸில் சொன்னாலும் கல்யாண வீட்டில் சொன்னாலும் சண்டைதான். ஆயுசு பூராவும் மூடநம்பிக்கை என்று கத்தியவனின் சாவை அவர்கள் மூடநம்பிக்கையாக்கினால் எனக்கு வயிறு எரியாதா?

இனிமேல்தான் நான் உன்னிடம் சொல்ல வந்தது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. பள்ளிக்கூடம் அரை நேரம். கம்பிக்கூட்டோடு ஆள் வந்திருக்கிறார் என்று பிள்ளைகள் சொன்னார்கள். வேறு ஆள், அதே வியாபாரம். உன் நோட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். மறுபடியும் கெஞ்ச வேண்டும், காலில் விழ வேண்டுமானாலும் விழுவது என்றுதான் போனேன். போய்ப் பார்த்தால் ஊரே கூடி நின்று முடியாது என்கிறது.

"அது ஆகாதுங்க. காலேஜுல படிச்ச பையன் ஒருத்தன் அதத் தொட்டு, வருசந் திரும்பல, போய்ச் சேந்துட்டான். ஏற்கெனவே புடிச்சுக் குடுத்த பாவத்துக்கே நாங்க கெடா வெட்டிக் கும்புட்டுக்கிட்டு இருக்கோம்" என்றார் கருப்பாயி அம்மாள். அவருக்கு இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது.

வியாபாரி சிரித்தார். என் கையில் நோட்டைப் பார்த்ததும் என் பக்கம் திரும்பினார். "டீச்சர், நீங்க படிச்சவங்க. நீங்களே சொல்லுங்க. இத்துனூண்டு பிராணியத் தொட்டா மனுசன் சாவானா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் வகுப்புப் பிள்ளைகளும் நின்றார்கள். நான் உன்னை நினைத்தேன் அண்ணே. உன் சட்டை நனைந்தது, ஊர் சிரித்தது, நீ என் தலையில் குட்டியது எல்லாம் வந்தது. உண்மையைச் சொன்னால் நீ ஜெயிப்பாய், மறுநாள் காடு காலியாகும்.

"அந்தப் பையன் எங்கண்ணந்தாங்க" என்றேன். "தொட்டுத்தான் செத்தாரு."

வியாபாரி கூட்டைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். கருப்பாயி அம்மாள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷம் கழித்தாவது எனக்குப் புத்தி வந்ததே என்று அவருக்குச் சந்தோஷம். நீங்கள் இருவரும் இரண்டு வருஷம் படாத பாடு பட்டும் முடியாததை உன் சாவும் என் பொய்யும் சேர்ந்து அரை நிமிஷத்தில் முடித்தன. இதற்கு நான் சந்தோஷப்பட வேண்டுமா?

சந்தோஷப்படவும் விடவில்லை. அடுத்த புதன்கிழமை காலையில் பள்ளிக்கூடத்து வேலியோரம் ஒன்று செத்துக் கிடந்தது. கல்லடி. நீ அவர்கள் கையிலிருந்து இறக்கி வைத்த கல்லை நான் எடுத்துக் கொடுத்துவிட்டேன். பயம் போனால் பிடித்து விற்கிறார்கள், பயம் வந்தால் அடித்துக் கொல்கிறார்கள். இதற்கு நடுவில் ஒரு வழி இருக்கிறது என்று நம்பித்தானே நீ சைக்கிளை மிதித்தாய்? எனக்கு அந்த வழி தெரியவில்லை அண்ணே. உனக்கும் தெரிந்திருக்காது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

முடியைப் பிடுங்கிக்கொண்டு போவார்களே என்று நானே அதை எடுத்துச் செடிக்கு அடியில் புதைத்தேன். எடையே இல்லை. அதன் விரல்கள் என் மோதிர விரலைச் சுற்றிக்கொள்கிற அளவுதான். அப்போதுதான் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் தேவாங்கைத் தொட்டேன். யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், தொட்டும் நான் சாகாமல் இருப்பதே மிச்சம் இருக்கும் தேவாங்குக்கு எமனாகியிருக்கும்.

மிச்சம் என்றால் ஒன்று. பள்ளிக்கூடம் விட்டுக் கடைசி பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரே ஒரு விசில் கேட்கிறது. கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் அதே மரத்திலிருந்து கேட்கிறது. வேறு மரத்திலிருந்து பதில் வருகிறதா என்று பஸ் வரும்வரை காது கொடுத்து நிற்கிறேன். இதுவரை வரவில்லை. நேற்று ஒரு பெண் பிள்ளை, "டீச்சர், அதப் பாத்தா சாமி கண்ணக் குத்துமா?" என்று கேட்டாள்.

"பாக்காத. அங்கிட்டுப் போகாத. கல்லும் எறியாத, எறிஞ்ச கைக்கும் கேடு வரும்" என்றேன். கைக்குக் கேடு என்கிற பொய்யை நானே சேர்த்துக்கொண்டேன். அறிவியல் பாடப் புத்தகம் என் கையில்தான் இருந்தது.

மலரில் இதைப் படிக்கிறவர்களில் அந்த ஊர் எது என்று தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள். சவரிமுத்து அண்ணே, உங்களுக்கும் சேர்த்துத்தான். உங்கள் மாணவர்களை அங்கே கூட்டி வராதீர்கள்.

அண்ணே, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அந்த விசில் கேட்கும் நாள்வரை, யார் கேட்டாலும் நீ தேவாங்கைத் தொட்டுத்தான் செத்தாய் என்று சொல்வேன். ஆத்தா கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். விசில் நின்றுபோன மறுநாள் ஊர் நடுவில் நின்று, என் அண்ணன் காய்ச்சலில்தான் செத்தான், அந்தப் பிராணி யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை என்று சொல்வேன். அன்றைக்கு எல்லாரும் நம்புவார்கள், நம்பிப் பிடித்து விற்க ஒன்றும் மிச்சம் இருக்காது.

உன் கூட்டத்துக்கு யோசனை சொல்லிக்கொடுத்து, உன் சாவுக்குப் பொய்ச் சாட்சியும் சொன்ன
உன் கூடப்பிறந்த தங்கச்சி,
சரசு